பின்மண்டைப் பேனா

மனிதனுக்குத் தன் பின்மண்டை தெரியாது. கண்ணாடியில் முகத்தைப் பார்க்கிறான், மீசையைத் தடவிப் பார்க்கிறான், பல்லைக்கூட இளித்துப் பார்த்துக்கொள்கிறான். பின்னால் என்ன இருக்கிறது என்பது முடிவெட்டுகிறவருக்கும், வரிசையில் அடுத்து நிற்பவருக்கும்தான் தெரியும். கள்ளக்குறிச்சியில் இந்த விஷயத்தை முழுசாகப் புரிந்துகொண்டு அதை வைத்து விளையாடியவர் ஒருவர் உண்டு. பேனாக்கடை பாக்கியம் அக்கா.

நான் எதிர்க்கடை. உரக்கடையில் கணக்கு எழுதும் சின்னதுரை. யூரியா மூட்டைக்கு நடுவே உட்கார்ந்துகொண்டு அந்தப் பேனாக்கடையைப் பார்ப்பதுதான் எனக்குக் கிடைத்த பொழுதுபோக்கு. அக்காவின் வீட்டுக்காரர் ராயப்பன் கடைசல் மெஷினில் நிற்பார். எபனைட் என்கிற கறுப்புக் கெட்டி ரப்பர்க் கட்டையை மெஷினில் மாட்டி, சுற்றவிட்டு, உளியைக் கொடுப்பார். கறுப்புச் சுருள் சுருளாக உதிரும். ரப்பர் தீய்ந்த வாசனை தெரு முழுக்க அடிக்கும். உடம்பு, கழுத்து, மூடி மூன்றையும் கடைந்து, மரை போட்டு, ஒரு கோணல் இல்லாமல் நேராக எடுத்துக் கொடுத்துவிடுவார். மனிதரும் அப்படித்தான், நேர். வாயில் வார்த்தை கம்மி. ஒரு நாளைக்கு அவர் பேசுவதை ஒரு தபால் கார்டில் எழுதிவிடலாம், விலாசத்துக்கும் இடம் மிஞ்சும்.

அதற்கப்புறம் பேனா அக்கா கைக்குப் போகும். அங்கேதான் கோளாறு ஆரம்பம். மூடியின் உச்சியை உருட்டுவது, வரி போடுவது, உப்புத்தாள் தேய்ப்பது, பாலீஷ் ஏற்றுவது எல்லாம் அக்கா பொறுப்பு. தண்ணீர் தொட்டுத் தொட்டு உப்புத்தாளில் தேய்ப்பார். தாள் முரடில் இருந்து மெல்லிசுக்கு மாறிக்கொண்டே போகும். பிறகு துணிச் சக்கரத்தில் பாலீஷ் சோப்பைப் பூசி அதில் காட்டுவார். கடைசியில் உள்ளங்கையில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் விட்டு உருட்டுவார். வாங்க வந்தவர் அதைக் கையில் எடுத்தால் அவர் முகம் அதில் தெரிய வேண்டும். முகம் தெரிந்த சந்தோஷத்தில் அவர் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். மூடியின் உச்சியில் தன் பின்மண்டை உட்கார்ந்திருப்பதைக் கவனிக்கவே மாட்டார்.

ஆமாம், அதுதான் அக்காவின் விளையாட்டு. யார் பேனாவோ அவர் பின்மண்டை. ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போய் பெண்கள் பக்கம் கடைசி வரிசையில் உட்காருவார். ஊரே அதை அடக்கம் என்று நினைத்தது. அவர் அங்கே உட்கார்ந்து ஆண்கள் பக்கத்துப் பின்மண்டைகளை எல்லாம் பாடம் பண்ணிக்கொண்டிருந்தார் என்பது எனக்கும் ராயப்பனுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரியும். ரேஷன் வரிசை, பஸ் வரிசை, சினிமாக் கொட்டகை எல்லாம் அவருக்குப் பள்ளிக்கூடம். வட்ட மண்டை, சப்பை மண்டை, நடுவில் பள்ளம் விழுந்த மண்டை, எல்லாவற்றுக்கும் அரம் வைத்திருந்தார். கழுத்தில் சதை மடிப்பு இருந்தால் மடிப்புக்கு ஒரு வரி. அந்த வரியைக் காட்டி, எனக்கு மூணு வரி போட்டுக் குடுத்திருக்காங்க, உனக்கு ஒண்ணுதான் என்று பெருமை பேசிய ஆட்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகினால் வெளியே தெரிவது மூடியின் உச்சிதான். ஆக, ஊரில் பாதிப் பேர் தங்கள் பின்மண்டையை நெஞ்சில் குத்திக்கொண்டு திரிந்தார்கள். எதிரில் வருகிறவர் சிரிப்பார். ஏன் என்று இவருக்குத் தெரியாது. யாராவது சந்தேகப்பட்டுப் பார்த்தாலும் அது வேறு யாரோ என்றுதான் நினைப்பார். தன் தலை இவ்வளவு லட்சணம் கெட்டது என்று எவன் நம்புவான்?

எனக்கும் ஒன்று செய்து கொடுத்தார். அது சாதாரணப் பேனா. உச்சி கொஞ்சம் தட்டையாக, ஒரு பக்கம் லேசாகச் சரிந்து இருக்கும், அவ்வளவுதான். எதிர்க்கடைக்காரன் என்ற மரியாதையில் என்னை விட்டுவிட்டார். என் பையைப் பார்த்தும் சிலர் சிரிப்பார்கள். உரக்கடைக்காரன் என்றால் ஊருக்கே இளக்காரம்.

அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். அவர் கொண்டை எப்போதும் இடப்பக்கம் சரிந்தே இருக்கும். வேலைக்கு நடுவே மெல்லிய அரத்தைக் கீழே வைக்காமல் அந்தக் கொண்டையில் குறுக்கே செருகிக்கொள்வார். அப்படியே மறந்தும் போவார். அரத்தோடு மார்க்கெட், அரத்தோடு கோயில், அரத்தோடு கல்யாண வீடு. தெருவே பார்க்கும், ஒருவரும் சொன்னதில்லை. அவரோ ராயப்பனின் தங்கை ஜெயம்மாளின் கொண்டை கோணல் என்று வருஷம் முழுக்கக் கேலி பண்ணிக்கொண்டிருந்தார்.

இப்படி ஊரையே சிரிப்பாய்ச் சிரிக்க வைத்தவருக்கு ஒரு விஷயத்தில் மட்டும் விளையாட்டு கிடையாது. மகள் செலினா. பன்னிரண்டாவது முடித்து, கடலூரில் டீச்சர் டிரெயினிங்குக்கு இடம் கிடைத்திருந்தது. அக்காவின் நகக்கண்ணில் எபனைட் கறுப்பு ஏறி, எந்தச் சோப்புக்கும் போகாமல் நின்றுவிட்டது. என் பொண்ணு நகத்துல சாக்பீஸ்தான் ஏறணும் என்பார். அதைச் சொல்லும்போது சிரிக்க மாட்டார்.

இடம் கிடைத்தது சரி, சேருவதற்கு சாதிச் சான்றிதழ் வேண்டும். மனுவில் மணியக்காரர் கையெழுத்து வாங்கியாயிற்று, வருவாய் ஆய்வாளர் கையெழுத்தும் வாங்கியாயிற்று. தாசில்தார் செல்லமுத்து கையெழுத்துப் போட்டு முத்திரை வைக்க வேண்டியதுதான் பாக்கி. அந்த நேரம் பார்த்து அவருக்கு மாறுதல் உத்தரவு வந்தது. அவர் வெள்ளிமலையில் கேம்ப் போட்டிருந்தார். இறங்கியதும் அப்படியே புது ஊருக்குப் போய்விடுவார், அடுத்தவர் எப்போது வருவாரோ தெரியாது என்று ஆபீஸில் கையை விரித்துவிட்டார்கள். அக்கா அன்றைக்கு ஒரு மூடியையும் உருட்டவில்லை.

அது எண்பத்தேழாம் வருஷம், செப்டம்பர். இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் தொடங்கியது. மரங்கள் ரோட்டின் குறுக்கே விழுந்தன, பஸ் நின்றது, லாரி நின்றது. சில ஊர்களில் துப்பாக்கிச் சூட்டில் உயிரே போனது. அந்தச் செய்தியை ரேடியோவில் கேட்டபோது எங்கள் தெருவில் கடைகளை இழுத்துச் சாத்திவிட்டோம். அதில் விளையாட்டு ஒன்றும் இல்லை, அதை நான் விளையாட்டாகச் சொல்லவும் மாட்டேன்.

எங்கள் பக்கத்தில் நடந்ததை மட்டும் சொல்கிறேன். மலையிலிருந்து இறங்கிய தாசில்தாரின் ஜீப் வடக்கனந்தல் வரைக்கும் வந்து மாட்டிக்கொண்டது. முன்னால் ஒரு புளியமரம் விழுந்தது, திரும்பலாம் என்றால் பின்னாலும் ஒன்று விழுந்துவிட்டது. மறியலுக்கு அந்தப் பக்கம் தலைமை ராஜாங்கம், பெரிய விவசாயி. மரத்தைப் போடச் சொன்னவரும் அவர்தான், தாசில்தாரைத் தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் பாய் விரித்து நாட்டுக்கோழி அடித்துப் போட்டவரும் அவர்தான். வழியை மறிக்கிறது போராட்டம், சோறு போடுறது மரியாதை, ரெண்டும் வேற வேற என்று சொன்னாராம்.

சேதி வந்ததும் அக்கா எழுந்து நின்றுவிட்டார். மரம் கிடக்கும் வரைக்கும் செல்லமுத்து நம்ம தாசில்தார். மரத்தை எடுத்தால் போய்விடுவார். ஊரெல்லாம் ரோடு எப்போது திறக்கும் என்று தவித்துக்கொண்டிருக்க, மரத்தை எடுக்காதே ஆண்டவரே என்று வேண்டிக்கொண்ட ஒரே ஆள் அக்காதான். வாடகை சைக்கிள் ஒன்று செலினாவுக்கு. என் சைக்கிள் கேரியரில் அக்கா. ராயப்பன் மெஷினை நிறுத்தி, காற்றடித்துக் கொடுத்தார். போய்ட்டு வா என்றார். அன்றைய கார்டில் பாதி அதிலேயே தீர்ந்தது.

வழியில் இரண்டு மரம் தாண்டினோம். ஒவ்வொரு மரத்திலும் உட்கார்ந்திருந்த பிள்ளைகளே சைக்கிளைத் தூக்கி அந்தப் பக்கம் வைத்தார்கள். நாங்கள் கடந்ததும் பின்னால் கொல்லென்று சிரித்தார்கள். அக்கா என் முதுகில் தட்டி, “உன்னப் பாத்துதான் சிரிக்கிறானுங்க சின்னதொர” என்றார். அவர் கொண்டையில் அரம் இருந்தது. நான் பெடலை அழுத்தி மிதித்தேன்.

மூன்றாவது புளியமரத்தின் மேல் ராஜாங்கமே துண்டை விரித்து உட்கார்ந்திருந்தார். பையில் அக்கா செய்த பேனா, மூன்று வரியோடு மினுங்கியது. அக்கா விஷயத்தைச் சொன்னார். அவர் மனுவை வாங்கிப் படித்துவிட்டு, “நாங்க மரத்தப் போட்டுக் கேக்குறோம், நீ சைக்கிள்ல வந்து கேக்குற. ரெண்டும் ஒண்ணுதான், வா” என்று எழுந்தார்.

போகிற வழியில் அவர் அக்கா பக்கம் சாய்ந்து, பையில் இருந்த பேனாவைத் தட்டிக் காட்டினார். எல்லார் மண்டையையும் செதுக்குகிறாயாமே, எனக்குச் செய்தது யார் மண்டை என்று அப்போதே கண்டுபிடித்துவிட்டேன், தாசில்தார்தானே, ஊரில் அவன் அவன் சிரிக்கிறான் என்று அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தபோது, கழுத்தில் மூன்று மடிப்பும் சேர்ந்து குலுங்கியது. அக்கா தலையைக் குனிந்துகொண்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் தாசில்தாரிடமும் ஒரு பேனா இருந்தது. ஆபீஸில் எல்லாரும் சேர்ந்து அவருக்குப் பரிசாகக் கொடுத்தது, அதுவும் அக்கா கைவேலை. நீள மண்டை, நடுவில் ஒரு பள்ளம், இரண்டு பக்கமும் காது புடைப்பு. அவர் கையெழுத்துப் போடக் குனியும்போதெல்லாம் ஆபீஸ் முழுக்க இருமல் வந்துவிடும்.

கூடத்தில் சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார் தாசில்தார். ஜீப்பில் இருந்த முத்திரைப் பெட்டி பக்கத்திலேயே இருந்தது. மனுவை வாங்கி, செலினாவை இரண்டு கேள்வி கேட்டு, சரி என்று தலையாட்டினார். ராஜாங்கம் மோர் கொண்டுவர உள்ளே போயிருந்தார். தாசில்தார் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். செலினா அக்காவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கையெழுத்துப் போட வேண்டியதுதானே? போடவில்லை. மூடியை விரலில் உருட்டினார். “நீங்கதான் மண்டை செதுக்குற அம்மாவா? ஆபீஸ்ல சொல்லிட்டாங்க” என்றார். பிறகு உள்ளே கண்ணைக் காட்டி, குரலைத் தாழ்த்தி, “இது யாருன்னு எனக்கு அன்னைக்கே தெரியும். நம்ம வீட்டுக்காரர்தானே?” என்றார். ராஜாங்கத்தைத்தான் சொல்கிறார்.

அந்த நேரம் பார்த்து ராஜாங்கம் மோர்ச் சொம்போடு வந்தார். வந்தவர் எங்களுக்கு டம்ளர் வைக்க முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்தார். தாசில்தார் அந்தப் பின்மண்டையைப் பார்த்தார். அகலமாக, மழமழவென்று, கீழே மூன்று மடிப்பு. கையில் இருந்த மூடியைப் பார்த்தார். நீளம், பள்ளம், காது. மறுபடி மண்டை, மறுபடி மூடி. பேனா காகிதத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது.

“இது இவர் இல்லையே” என்றார். “அப்போ யாரு?”

ராஜாங்கம் நிமிர்ந்தார். என்ன என்று பார்க்க தாசில்தாருக்குப் பின்னால் வந்து எட்டிப் பார்த்தார். அவருக்கு நேர் கீழே தாசில்தாரின் பின்மண்டை, அதற்கும் கீழே அதே மண்டை மூடியில். ராஜாங்கத்தின் வாய் திறந்தது, சிரிப்பைத் துண்டை வைத்து அடைத்துக்கொண்டார். பிறகு அவருக்கே சந்தேகம் வந்துவிட்டது. தாசில்தார் மண்டை அங்கே இருந்தால் தன் பையில் இருப்பது யார்? தன் பேனாவை உருவினார். “அப்ப என்துல இருக்கிறது இன்னாது?” என்று தாசில்தார் முகத்துக்கு நேரே நீட்டினார். தாசில்தார் அந்த மூன்று வரியைப் பார்த்தார், ராஜாங்கத்தைப் பார்த்தார், வெற்றிலை புரையேறி இருமினார்.

அடுத்தவர் கதை இருவருக்கும் புரிந்துவிட்டது. தன் கதை இருவருக்கும் புரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் புரிந்துவிடும். புரிந்தால் கையெழுத்தும் இல்லை, கடலூரும் இல்லை. செலினாவின் முகம் வெளுத்துவிட்டது. அக்கா கறுத்த விரலால் சிலுவை போட்டுக்கொண்டதை நான் பார்த்தேன். அந்த அம்மாள் பயந்து நான் பார்த்தது அன்றைக்கு மட்டும்தான். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அக்கா கையைக் கூப்பினார். “ரெண்டுமே எங்கூட்டுக்காரருதாங்க” என்றார்.

இருவரும் திரும்பினார்கள்.

“தெனம் பாத்துக்கினு இருக்கிறது அந்த ஒரு மண்டதானுங்களே. கை தானா அதத்தான் செய்யுதுங்க. ஐயாவோடது, கண்ணாலத்துக்கு முன்னால ஒல்லியா இருந்தாரே, அப்ப இருந்த மண்ட. இவரோடது, எஞ்சோத்தத் துன்னு சத போட்டதுக்கப்புறம்.”

தாசில்தார் ராஜாங்கத்துக்குத் தெரியாமல் அக்காவைப் பார்த்து மெல்லக் கண்ணைச் சிமிட்டினார். பாவம், இந்த மனுஷன் மனசு நோகக்கூடாதென்று ஒரு பொய் சொல்கிறாய், எனக்குத் தெரியும் என்று அதற்கு அர்த்தம். அந்தப் பக்கம் ராஜாங்கமும் அதே அர்த்தத்தில் சிமிட்டினார். தன் விஷயத்தில் மட்டும் அக்கா சொன்னது சத்தியம் என்று இருவருமே நம்பிவிட்டார்கள். நல்ல குடும்பம் என்று சொல்லிக்கொண்டே தாசில்தார் கையெழுத்துப் போட்டார். முத்திரையை ஊதி ஊதி அழுத்தி வைத்தார். பிள்ளை நல்லா படிக்கணும் என்று செலினாவை வாழ்த்தினார். மறுநாளோ என்னவோ மரங்களை எடுத்தபோது இருவரும் ஒருவர் மண்டையை ஒருவர் பார்த்துப் பார்த்துச் சிரித்துத்தான் பிரிந்தார்களாம்.

வெளியே வந்ததும் அக்கா ரோட்டோரம் உட்கார்ந்து, சான்றிதழை மடியில் வைத்துக்கொண்டு அழுதார். அழுகை முடிந்ததும் சிரிப்பு வந்தது. கள்ளக்குறிச்சி வரைக்கும் கேரியரில் குலுங்கிக்கொண்டே வந்ததில் என் சைக்கிள் இரண்டு தடவை வயலில் இறங்கியது.

கடைக்கு வந்ததும் நான்தான் ராயப்பனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டார். மெஷினை நிறுத்தினார். தன் பின்மண்டையை ஒரு தடவை கையால் தடவிப் பார்த்தார். மறுபடி மெஷினைப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா பூசைக்குப் போயிருந்தபோது, உள்ளே ராயப்பன் அக்காவின் இடத்தில் உட்கார்ந்து எதையோ உப்புத்தாளில் தேய்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷத்தில் அவர் அங்கே உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. எட்டிப் பார்க்கப் போனேன். முதுகால் மறைத்துக்கொண்டார்.

செலினா கடலூருக்குக் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்கு நானும் போனேன். பெட்டி ஏற்றியாயிற்று. அக்கா அதை எடுத்துவைத்தாயா, இதை எடுத்துவைத்தாயா என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ராயப்பன் சட்டைப் பையில் இருந்து துணியில் சுற்றிய ஒன்றை எடுத்து மகள் கையில் கொடுத்தார். பேனா. கறுப்பும் பழுப்பும் கலந்த எபனைட், முகம் தெரிகிற பாலீஷ். செலினா மூடியின் உச்சியைப் பார்த்தாள். அப்பாவைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

தொழில்காரி சும்மா இருப்பாரா? அக்கா அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பினார். உச்சியில் ஒரு கொண்டை. இடப்பக்கம் நன்றாகச் சரிந்த கொண்டை. அதன் குறுக்கே மெல்லிசாக ஒரு பித்தளைக் கம்பி செருகியிருந்தது. நானும் செலினாவும் மூச்சுவிடவில்லை.

அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. “அய்ய, இது உங்க தங்கச்சி ஜெயம்மா இல்ல? அதே கோணக் கொண்ட! குத்திக்கினு இருக்கிற ஊசியப் பாரேன்” என்றார்.

“ஆமா” என்றார் ராயப்பன்.

பஸ் நகர்ந்தது. செலினா ஜன்னலோரம் உட்கார்ந்து அந்த மூடியை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அக்கா கூடவே நடந்து, அத்தையைப் பத்திரமாக வைத்துக்கொள், மூடியைத் தொலைத்துவிடாதே என்று சத்தம் போட்டார். தொலைக்க மாட்டேம்மா, தொலைக்கவே மாட்டேன் என்று செலினா தேம்பித் தேம்பி அழுதாள். மூடியைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். பஸ் திரும்பும் வரைக்கும் எடுக்கவில்லை.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். குரலில் கொஞ்சம் பொறாமையே இருந்தது. “அத்த மேல இம்மாம் பாசம் வச்சிருக்கா பாரேன். எனக்குத் தெரியவே தெரியாதே” என்றார். சொல்லிவிட்டு முன்னால் நடந்தார். நானும் ராயப்பனும் அவர் கொண்டையில் இருந்த அந்த அரத்தைப் பார்த்துக்கொண்டே கடை வரைக்கும் பின்னால் நடந்தோம்.